முப்பது தாண்டி, முடக்குவாதத்தோடு, மலையில் இருந்துகொண்டு நர்சிங் படிப்பது எப்படி: ஒரு முழுமையான வழிகாட்டி

கோத்தகிரியிலிருந்து குஞ்சப்பனை வழியாக மேட்டுப்பாளையம் இறங்கி, அங்கிருந்து கோவை போய் மூட்டு நோய் மருத்துவரைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் ஒரு நாள் முழுக்கப் போய்விடும். எனக்கு 29 வயதில் முடக்குவாதம் (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் என்கிற மூட்டு அழற்சி நோய்) என்று அங்கேதான் சொன்னார்கள். அதற்கு முந்தைய ஒரு வருடம், விரல் வீங்குவதையும் காலையில் கை மடங்காததையும் மலைக்குளிர் என்று நினைத்துத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தேன். அப்போது ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் பேக்கிங் பிரிவில் வேலை. 33 வயதில், இரண்டு பிள்ளைகளும் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில், மூன்றாண்டு நர்சிங் பட்டயப் படிப்பில் சேர்ந்தேன். முடித்துவிட்டேன். இப்போது வேலையிலும் இருக்கிறேன்.

"அக்கா, இந்த உடம்ப வெச்சுக்கிட்டு என்னால முடியுமா?" என்று கேட்டு வரும் பெண்களுக்கு ஒவ்வொரு முறையும் வாயால் சொல்வதை இங்கே எழுதி வைக்கிறேன். எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றுதான். நோயின் அட்டவணையை முதலில் எழுதுங்கள். படிப்பின் அட்டவணையை அதற்குள் பொருத்துங்கள். முதல் ஆண்டில் நான் இதைத் தலைகீழாகச் செய்து மிகவும் பட்டேன்.

வயதையும் மதிப்பெண்ணையும் முதல் நாளே பார்த்துவிடுங்கள்

ஜிஎன்எம் என்கிற பட்டயப் படிப்பு மூன்று ஆண்டு. இந்திய நர்சிங் கவுன்சில் விதிப்படி 17 முதல் 35 வயது வரை சேரலாம். ஏற்கெனவே ஏஎன்எம் என்கிற துணைச் செவிலியர் படிப்பு முடித்தவர்களுக்கு மட்டும் மேல் வரம்பு இல்லை. பிளஸ் டூவில் 40 விழுக்காடும் ஆங்கிலத்தில் தேர்ச்சியும் வேண்டும். அறிவியல் பிரிவுக்கு முன்னுரிமை உண்டு, ஆனால் மற்றப் பிரிவில் படித்தவர்களும் சேரலாம். நான்காண்டு பி.எஸ்சி. நர்சிங் என்றால் இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றிலும் சேர்த்து 45 விழுக்காடு கேட்பார்கள். இரண்டாண்டு ஏஎன்எம் படிப்புக்கும் வயது வரம்பு 35 தான். திருமணமானவர்களும் சேரலாம் என்று கவுன்சில் விதியிலேயே இருக்கிறது. "கல்யாணம் ஆனவங்கள எடுக்க மாட்டோம்" என்று யாராவது சொன்னால் அது அந்தப் பள்ளியின் சொந்தப் பேச்சு. அரசுப் பள்ளி இடங்களுக்கு ஒவ்வோர் ஆண்டும் தனி விளக்கக் கையேடு வரும். வயதுத் தளர்வு, இட ஒதுக்கீடு எல்லாவற்றையும் அந்தந்த ஆண்டுக் கையேட்டில் மட்டுமே பாருங்கள். போன வருடம் சேர்ந்தவர் சொன்னதை நம்பிக் காத்திருக்காதீர்கள்.

பிளஸ் டூ முடிக்காதவர்கள் தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாக எழுதலாம்; அந்தச் சான்றிதழ் செல்லும். ஆனால் அதற்கு ஒரு வருடமாவது கழியும் என்பதால், 33 வயதுக்காரர் இன்றைக்கே பதிவு செய்ய வேண்டும்.

35 தாண்டிவிட்டீர்கள், ஏஎன்எம்மும் முடிக்கவில்லை என்றால் உங்களிடம் நேராகவே சொல்லிவிடுகிறேன், செவிலியர் பட்டயத்துக்கு அந்தக் கதவு மூடியிருக்கிறது. பணம் வாங்கிக்கொண்டு "வயசு பாக்க மாட்டாங்க" என்று சேர்த்துக்கொள்ளும் இடங்கள் தரும் சான்றிதழைத் தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தில் பதிய முடியாது. பதிவு இல்லாமல் செவிலியராக வேலை செய்ய முடியாது. அவ்வளவு பணத்தையும் உடம்பையும் அங்கே கொட்டாதீர்கள். நோயாளி பராமரிப்பு உதவியாளர் பயிற்சி, வீட்டு நோயாளி பராமரிப்புப் பயிற்சி போன்ற குறுகிய படிப்புகள் இருக்கின்றன. மகளிர் சுயஉதவிக் குழுவில் இருப்பவர்கள் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் சுகாதாரத் தன்னார்வலர் பணிக்கு முயலலாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய திட்டம் அது. வீடுவீடாகப் போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்ப்பது, மாத்திரை கொடுப்பது அந்தப் பெண்களின் வேலை. மலையில் அதற்கு நடக்க வேண்டியிருக்கும். முழங்கால் மூட்டு போயிருந்தால் இதையும் யோசித்துத்தான் எடுக்க வேண்டும்.

நோய் அடங்கிய பிறகு விண்ணப்பம்

எனக்கு மருந்து பிடிபட எட்டு மாதம் ஆனது. நோய் கிளம்பி ஆடிக்கொண்டிருக்கும்போது சேராதீர்கள். படிப்போடு சேர்த்துச் சரிசெய்துகொள்ளலாம் என்று நினைப்பவர்கள் முதல் போஸ்டிங்கிலேயே, அதாவது முதல் வார்டுப் பயிற்சியிலேயே, படுத்துவிடுகிறார்கள். குறைந்தது ஆறு மாதமாவது மருந்தை மாற்றாமல், பெரிய தொந்தரவு இல்லாமல் ஓடியிருக்க வேண்டும் என்பது என் கணக்கு.

விண்ணப்பிக்கும் முன் உங்கள் மருத்துவரிடம் உட்கார்ந்து பேசுங்கள். "நர்சிங் படிக்கலாமா டாக்டர்?" என்று மொட்டையாகக் கேட்டால் "பாருங்க" என்றுதான் பதில் வரும். நான் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனேன்: எட்டு மணி நேரம் நிற்க வேண்டும், நோயாளியைத் திருப்ப வேண்டும், மாதத்தில் சில நாள் இரவு விழிக்க வேண்டும், காசநோயாளி இருக்கும் வார்டிலும் நிற்க வேண்டும். இதையெல்லாம் படித்துவிட்டு அவர் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பதில் சொன்னார். "நிக்கறது பிரச்சினை இல்லம்மா. தூக்கறதுதான். உன் மணிக்கட்டு இன்னும் தேறலை" என்றார். அதைக் கேட்டு ஆறு மாதம் தள்ளிப்போட்டேன். அந்த ஆறு மாதத்தில் மணிக்கட்டுக்கான பயிற்சிகளைப் பிசியோதெரபிஸ்டிடம் கற்றுக்கொண்டேன்.

சேரும்போது மருத்துவத் தகுதிச் சான்று கேட்பார்கள். அதைத் தெரு முனைக் கிளினிக்கில் வாங்காமல், உங்கள் நோயைப் பார்க்கும் மருத்துவரிடமே வாங்குங்கள். நோயின் பெயர், இப்போதைய நிலை, சாப்பிடும் மருந்து, என்ன செய்யலாம், எதைத் தவிர்க்க வேண்டும் என்று நான்கைந்து வரியில் எழுதித் தரச் சொல்லுங்கள். அந்தக் கடிதம் மூன்று வருடமும் உங்களைக் காப்பாற்றும்.

தடுப்பூசியை ஆறு மாதம் முன்பே தொடங்குங்கள்

பலருக்கும் தெரியாத படி இது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். முடக்குவாதம், சொரியாசிஸ், குடல் அழற்சி, லூபஸ் போன்ற நோய்களுக்குத் தரும் மருந்துகள் உடம்பின் எதிர்ப்பைக் குறைப்பவை. அந்த உடம்போடுதான் வார்டுக்குள் போகப்போகிறீர்கள்.

ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி மூன்று தவணை: முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து இரண்டாவது, ஆறாவது மாதம் மூன்றாவது. அதாவது ஆகஸ்டில் சேர வேண்டுமென்றால் ஜனவரியிலேயே முதல் ஊசி போட்டிருக்க வேண்டும். மூன்றாவது ஊசிக்கு ஒன்றிரண்டு மாதம் கழித்து எதிர்ப்பு அளவைச் சோதிக்க வேண்டும்; பத்துக்கு மேல் வந்தால் பாதுகாப்பு இருக்கிறது. எதிர்ப்பைக் குறைக்கும் மருந்து சாப்பிடுபவர்களுக்குச் சில சமயம் அந்த அளவு ஏறாமல் போகும், அப்போது மறுபடி போடுவார்கள். நோயாளிக்குப் போட்ட ஊசி தவறிக் கையில் குத்திவிட்ட பிறகு இதைப் பற்றி யோசித்துப் பயனில்லை.

சின்னம்மை வந்ததில்லை என்றால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். சின்னம்மை, தட்டம்மைத் தடுப்பூசிகள் உயிருள்ள கிருமியைப் பலவீனப்படுத்திச் செய்தவை. எதிர்ப்பைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்களுக்கு அவற்றைப் போடலாமா என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும், முடிந்தால் மருந்து தொடங்கும் முன்பே. ஃப்ளூ ஊசி ஆண்டுக்கு ஒருமுறை. செயலிழந்த கிருமியால் ஆனதைத் தாராளமாகப் போடலாம். மார்பு எக்ஸ்ரே ஒன்று எடுத்துக் கையில் வைத்திருங்கள். பிறகு இருமல் வந்தால் ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.

பள்ளிக்கு நேரில் போய்க் கேட்க வேண்டியவை

நர்சிங் கவுன்சிலின் அங்கீகாரப் பட்டியலில் அந்த ஆண்டுக்கு அந்தப் பள்ளியின் பெயர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அப்புறம் நேரில் போங்கள். பள்ளியின் சொந்த மருத்துவமனைக்குள் வெளிநோயாளியைப் போல நடந்து பாருங்கள். வார்டில் ஆள் இருக்கிறார்களா, படிக்கட்டு எத்தனை, லிஃப்ட் ஓடுகிறதா. மலையில் பல கட்டடங்கள் சரிவில் நிற்கின்றன. ஹாஸ்டலிலிருந்து வார்டுக்கு நூறு படி ஏறும் இடங்களும் உண்டு.

ஹாஸ்டலில் தங்கியே ஆகவேண்டுமா, வீட்டிலிருந்து வந்து போகலாமா? மனநல வார்டுப் பயிற்சிக்குப் பல பள்ளிகள் மாணவிகளைச் சமவெளிக்கு அனுப்புகின்றன. அது எந்த ஆண்டில், எத்தனை வாரம்? விடுபட்ட நாளை எப்படி ஈடு செய்ய விடுவார்கள்? அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்வார்களா? இடையில் உடம்பு முடியாமல் ஒரு ஆண்டு நிறுத்தினால் கட்டணம் என்ன ஆகும்? இவற்றுக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள்.

விடுபட்ட நாள் பற்றி அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வகுப்புக்குக் குறைந்தபட்ச வருகை இருந்தால் தேர்வு எழுதிவிடலாம். மருத்துவமனைப் பயிற்சி அப்படியில்லை. ஒவ்வொரு பிரிவிலும் நூறு விழுக்காடு முடித்தால்தான் பட்டயம் கையில் வரும். காய்ச்சலில் பத்து நாள் படுத்தால் அந்தப் பத்து நாளையும் விடுமுறையில் நின்று ஈடு செய்ய வேண்டும். நாள்பட்ட நோய்க்காரருக்கு இதைவிடப் பெரிய விதி இல்லை. அதனால் உடம்பு நன்றாக இருக்கும் மாதங்களில் ஒரு நாளையும் வீணாக்காதீர்கள். உறவுக்காரர் கல்யாணத்துக்கு எடுக்கும் இரண்டு நாள் பிறகு உடம்புக்குத் தேவைப்படும்.

சொல்வதா, மறைப்பதா

நான் சொல்லிப் பார்த்தேன். ஒரு பள்ளியில் கடிதத்தைப் படித்த அம்மா தாளைத் திருப்பித் தள்ளிவிட்டு, "இங்க நோயாளிகளுக்குச் சேவை செய்யறவங்க வேணும், நோயாளி வேண்டாம்" என்றார். பஸ் ஸ்டாண்டு வரை அழுதுகொண்டே வந்தேன். அதனால் அடுத்த பள்ளியில் மறைத்தேன்.

முதல் ஆண்டு முழுக்க மாத்திரையைப் பவுடர் டப்பாவுக்குள் வைத்துச் சாப்பிட்டேன். மூட்டு வீங்கிய நாளில் "இடறி விழுந்துட்டேன்" என்று சொன்னேன். பிப்ரவரியில் ஒரு காலை, ஸ்ட்ரெச்சரிலிருந்து ஒரு பாட்டியைக் கட்டிலுக்கு மாற்றிக்கொண்டிருந்தோம். நான் தலைப்பக்கம். மூன்று எண்ணித் தூக்கும்போது வலது மணிக்கட்டு விட்டுவிட்டது. எதிரே நின்ற சின்னப் பெண் சட்டென்று தோளைப் பிடித்துக்கொண்டதால் பாட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. "என்ன கண்ணு, கை வலிக்குதா?" என்று அந்தப் பாட்டி என்னைக் கேட்டார். அன்று மாலையே எங்கள் டியூட்டர் மேடத்திடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டியது நோய்க்காக இல்லை, இத்தனை மாதம் மறைத்ததற்காக. மறுநாளிலிருந்து தூக்கும் வேலையில் நான் கால்பக்கம் நின்றேன், என்னோடு எப்போதும் இன்னொருவர் இருந்தார். வேறொன்றும் மாறவில்லை.

ஆகவே சொல்லுங்கள். சேர்க்கை முடிந்த வாரத்திலேயே முதல்வரிடமும் வகுப்பு டியூட்டரிடமும் சொல்லிக் கடிதத்தின் நகலைக் கொடுங்கள். நிராகரிக்கும் பள்ளி ஒன்று இருக்கலாம். மறைத்துச் சேர்ந்த பள்ளியில் நோயாளி கீழே விழுவது அதைவிட மோசம். தோழிகளில் இருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும். ஊர் முழுக்கச் சொல்ல வேண்டியதில்லை.

ஊனச் சான்று பற்றியும் கேட்கிறார்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 இருபத்தொரு வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. அரிவாள் செல் நோயும் (ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் போல வளையும் பரம்பரை நோய்) அதில் இருக்கிறது. நம் மலையின் பழங்குடி மக்களிடையே இந்த நோய் அதிகம் என்பதால் கூடலூர், பந்தலூர் பக்கத்துப் பிள்ளைகள் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். நர்சிங் சேர்க்கையில் மாற்றுத்திறனாளி ஒதுக்கீடு கால்களில் 40 முதல் 50 விழுக்காடு இயக்கக் குறைபாடு உள்ளவர்களுக்கானது. கையில் குறைபாடு உள்ளவர்களுக்கு அது உதவாது.

மருந்து நாட்காட்டி

ஒரு சாதாரண தினசரிக் காலண்டர் வாங்குங்கள். முதலில் சிவப்பில் நோயின் தேதிகள்: ரத்தப் பரிசோதனை, மருத்துவர் சந்திப்பு, மருந்து வாங்கும் நாள். அதற்குப் பிறகு நீலத்தில் தேர்வு, போஸ்டிங், இரவு டூட்டி. சிவப்பும் நீலமும் ஒரே நாளில் விழும் இடங்களை ஒரு மாதம் முன்பே பார்த்துவிடலாம். அப்படி விழுந்தால் நீலத்தை நகர்த்தக் கேளுங்கள். பெரும்பாலும் நகர்த்திக் கொடுப்பார்கள், முன்கூட்டிக் கேட்டால்.

முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் மாத்திரை சாப்பிடுபவர்கள் மிகக் கவனமாகப் படியுங்கள். அது வாரத்துக்கு ஒரே ஒரு நாள் சாப்பிடும் மருந்து. தினமும் சாப்பிட்டு உயிரை விட்டவர்கள் உண்டு. டூட்டி மாறி மாறி வரும்போது கிழமையே மறந்துபோகும், அதனால் கிழமையின் பெயரை அட்டையிலேயே எழுதி ஒட்டுங்கள். நான் சனிக்கிழமை இரவைத் தேர்ந்தெடுத்தேன். மறுநாள் வரும் குமட்டலும் சோர்வும் ஞாயிற்றுக்கிழமைக்குள் முடிந்துவிடும். ஃபோலிக் ஆசிட் மாத்திரையை வேறொரு நாளில் போட்டுக்கொண்டேன். காய்ச்சல் வந்தால், வார்டிலிருந்து ஏதாவது தொற்று ஏறினால், அந்த வார மாத்திரையைச் சாப்பிடும் முன் மருத்துவரைக் கூப்பிட்டுக் கேளுங்கள். ரத்த அணுக்களும் கல்லீரலும் எப்படி இருக்கின்றன என்று இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். இதற்காகக் கோவை வரை இறங்க வேண்டாம். இங்கேயே எடுத்து முடிவைப் படம் பிடித்து அனுப்பலாம். பிள்ளை பெறும் எண்ணம் இருந்தால் இந்த மருந்தோடு கூடாது. முன்பே பேசி மாற்ற வேண்டும்.

ஸ்டீராய்டு மாத்திரையைத் தேர்வு நேரத்தில் "முகம் வீங்குது" என்று திடீரென நிறுத்தாதீர்கள். பல வாரம் சாப்பிட்ட உடம்பு அதைத் தானாகச் சுரப்பதைக் குறைத்திருக்கும். நிறுத்தினால் ரத்த அழுத்தம் விழுந்து மயக்கம் வரலாம். படிப்படியாகத்தான் குறைப்பார்கள்.

உங்கள் நோய் வேறு என்றாலும் முறை இதேதான். தைராய்டு மாத்திரை வெறும் வயிற்றில், டீ குடிக்கும் முன் அரை மணி நேரமாவது விட்டு. இரவு டூட்டி நாளில் அது எந்த நேரம் என்று எழுதி வையுங்கள். சர்க்கரை உள்ளவர்கள் யூனிஃபார்ம் பையில் சர்க்கரைப் பொட்டலம் வையுங்கள். அளவு 70-க்குக் கீழே இறங்கினால் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரை, பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். டிசம்பர் உறைபனியில் இன்சுலினை ஜன்னல் ஓரத்தில் வைத்துவிடாதீர்கள். உறைந்தது கெட்டது, உருகிய பிறகும் பயன்படாது. ஆஸ்துமாக்காரருக்குப் பிளீச்சிங் பவுடரும் கருவி ஊறவைக்கும் திரவமும் ஆகாது, அந்த வேலைக்கு மாஸ்க்கும் திறந்த ஜன்னலும் வேண்டும். அரிவாள் செல் நோய் உள்ளவர்கள் குளிரில் நனையாமல், தண்ணீர் குடிக்க மறக்காமல் இருக்க வேண்டும். வார்டில் தாகத்தை அடக்குவது அவர்களுக்கு வலியைக் கூட்டிவரும்.

மலையின் பருவம்

ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை இறங்கும்போது குஞ்சப்பனைப் பக்கமோ பர்லியார் பக்கமோ மண் சரிந்து சாலை மூடும். 2009 நவம்பரில் நடந்த நிலச்சரிவை நீலகிரியில் யாரும் மறக்கவில்லை. கோவையில் மட்டும் கிடைக்கும் மருந்து சாப்பிடுபவர்கள் அக்டோபர் தொடங்கும்போதே கூடுதலாக ஒரு மாத மருந்தை வீட்டில் வைத்திருக்க வேண்டும். நவம்பரில் வரும் மருத்துவர் சந்திப்பைச் செப்டம்பர் கடைசிக்கு முன்தள்ளுங்கள்.

டிசம்பர், ஜனவரியில் காலை டூட்டிதான் கடினம். ஏழரைக்கு வார்டில் நிற்க வேண்டும் என்றால் நான் நாலரைக்கு எழுவேன். கையை வெந்நீரில் பத்து நிமிடம் முக்கி விரல்களை மெல்ல மடக்கி நீட்ட, ஒரு மணி நேரம் கழித்துத்தான் குடத்தையே பிடிக்க முடியும். இந்த ஒரு மணி நேரத்தை விட்டுக்கொடுக்காதீர்கள். பஸ்ஸில் கம்பளிக் கையுறை, வார்டு வாசலில் கழற்றிவிட வேண்டும்.

வார்டில் கை, மணிக்கட்டு, முதுகு

ஊசி மருந்து வரும் சிறு கண்ணாடிக் குப்பியின் (ஆம்புல்) கழுத்தை உடைப்பதுதான் எனக்கு முதல் சோதனை. காஸ் துணியை மடித்துச் சுற்றி, கட்டைவிரல் நுனியால் அழுத்தாமல் மொத்தக் கையால் பிடித்து வெளிப்பக்கமாக மடக்கினால் விரல் மூட்டில் பாரம் விழாது. ஆம்புல் உடைக்கும் சிறு பிளாஸ்டிக் கருவியும் கிடைக்கிறது, வாங்கிக்கொள்ளுங்கள். ரத்த அழுத்தம் பார்க்கும் பல்பை விரல் நுனியால் அழுத்தாதீர்கள். உள்ளங்கையில் வைத்து அழுத்துங்கள். இறுகிய மூடிக்கு ரப்பர் துண்டு ஒன்று பையில் இருக்கட்டும். பேனா தடித்ததாக இருக்க வேண்டும். ரெக்கார்டு எழுதுவது மணிக்கணக்கில் நீளும்.

மணிக்கட்டுப் பட்டையை வார்டில் கட்ட முடியாது. முழங்கைக்குக் கீழே எதுவும் இல்லாமல் இருந்தால்தான் கை சுத்தம் சரியாக நடக்கும். சோப்பு போட்டுக் கழுவ 40 முதல் 60 நொடி, கைத்தேய்ப்புத் திரவம் என்றால் 20 முதல் 30 நொடி. பட்டையைத் தூங்கும்போது கட்டிக்கொள்ளுங்கள். கை கழுவுவதை நம்மைப் போன்றவர்கள் ஒரு முறைகூடத் தவறவிடக் கூடாது, நோயாளிக்காகவும், நமக்காகவும்.

தூக்குவதில் தனியாக வீரம் வேண்டாம். கட்டிலின் உயரத்தை முதலில் சரிசெய்யுங்கள், நோயாளியை அருகே இழுத்துக்கொள்ளுங்கள், முழங்காலை மடக்கி நில்லுங்கள், தூக்குவதற்குப் பதில் விரிப்போடு நகர்த்துங்கள். இதயம் நின்றவருக்கு மார்பை அழுத்தும் பயிற்சியில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, ஐந்து சென்டிமீட்டருக்குக் குறையாமல் அழுத்த வேண்டும். மணிக்கட்டால் தள்ளினால் இரண்டு நிமிடத்தில் கை போய்விடும். முழங்கையை நேராக வைத்து, தோளிலிருந்து உடம்பின் பாரத்தை இறக்குங்கள். பொம்மையில் பலமுறை பழகிய பிறகு என்னால் முடிந்தது.

நோயாளிக்குப் போட்ட ஊசி தவறி உங்களைக் குத்திவிட்டால் உடனே சோப்புத் தண்ணீரில் கழுவி, வார்டு சிஸ்டரிடம் சொல்லிப் பதியுங்கள். எச்ஐவி தடுப்பு மாத்திரையை எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம், 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் சாப்பிட வேண்டும். நீங்கள் சாப்பிடும் மருந்துகளின் பட்டியலையும் அங்கே சொல்லுங்கள்.

இரவு டூட்டி

தூக்கம் கெட்டால் மூட்டு கிளம்பும். இரவு டூட்டி வாரத்துக்கு முந்தைய இரண்டு நாள் மதியம் தூங்கிப் பழகுவேன். டூட்டி முடிந்து வீட்டுக்கு வந்ததும் சமையல் கட்டுக்குள் போகாமல் நேராகப் படுக்கை. வீட்டில் இதை முன்பே பேசி வைத்திருந்தேன். அதிகாலை மூன்று மணிக்குச் சூடாக எதையாவது சாப்பிடுங்கள், கஞ்சி போதும்.

ஆங்கிலப் பாடம்

தமிழ் வழியில் படித்துப் பதினைந்து வருடம் புத்தகம் தொடாதவருக்கு முதல் ஆண்டின் உடற்கூறு, உடலியல், நுண்ணுயிரியல் மூன்றும் சுவர் போல நிற்கும். எனக்கு உதவியது சொல்லை உடைத்துப் படிப்பதுதான். 'ஐட்டிஸ்' என்று முடிந்தால் அழற்சி, 'ஹைப்பர்' என்று தொடங்கினால் மிகுதி, 'ஹைப்போ' குறைவு, 'நெஃப்ரோ' சிறுநீரகம், 'ஹெப்பட்டோ' கல்லீரல். ஒரு நாளைக்குப் பத்து. மூன்று மாதத்தில் பாடம் பேசத் தொடங்கிவிடும். உங்கள் நோயை நீங்கள் ஏற்கெனவே படித்திருக்கிறீர்கள். உங்கள் ரத்தப் பரிசோதனைத் தாளிலேயே பாதிச் சொற்கள் இருக்கின்றன.

கணக்குக்குப் பயப்படாதீர்கள். நான்கு மணி நேரத்தில் 500 மில்லி டிரிப் போக வேண்டும், ஒரு மில்லிக்கு 20 சொட்டு என்றால், 500-ஐ 20-ஆல் பெருக்கி 240 நிமிடத்தால் வகுக்க வேண்டும். நிமிடத்துக்கு 42 சொட்டு வரும். தேயிலை எடைச்சீட்டு பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது பெரிய வேலை இல்லை. தேர்ச்சிக்கு 50 விழுக்காடு வேண்டும். கூடப் படிக்கும் பதினெட்டு வயதுப் பிள்ளைகள் வேகமாக மனப்பாடம் செய்வார்கள், நோயாளியிடம் பேசத் தயங்குவார்கள். அவர்கள் எனக்கு உச்சரிப்பு சொல்லிக்கொடுத்தார்கள், நான் அவர்களோடு நோயாளியிடம் போய் நின்றேன்.

வீடும் பணமும்

படிப்புச் செலவோடு மருந்துச் செலவையும் சேர்த்து மூன்று ஆண்டுக்குக் கணக்குப் போடுங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இல்லாதவர்கள் சேரும் முன் எடுத்துவிடுங்கள். பிள்ளைகளுக்கு ஒரு சமையல், துணி முறையைப் பழக்க மூன்று மாதம் ஆகும். அதைச் சேர்க்கைக்கு முந்தைய கோடையிலேயே தொடங்குங்கள். என் மாமியார்தான் முதலில் எதிர்த்தவர். என் கை வீங்கிய நாளில் சொல்லாமலே விறகையும் தண்ணீரையும் எடுத்து வைத்தவரும் அவர்தான்.

படிப்பு முடிந்ததும்

பட்டயம் வந்ததும் தமிழ்நாடு குழுமத்தில் செவிலியராகவும் தாதியாகவும் பதிவு செய்யுங்கள், தள்ளிப்போடாதீர்கள். வேலை தேடும்போது எங்கே தூக்குவது குறைவோ அதைக் கேட்டு வாங்குங்கள்: வெளிநோயாளிப் பிரிவு, தடுப்பூசி, டயாலிசிஸ், ரத்த வங்கி. ஊட்டியிலும் கோத்தகிரியிலும் உள்ள உறைவிடப் பள்ளிகளின் மருத்துவ அறைகளுக்கும் செவிலியர் தேவைப்படுகிறார்கள். 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்த காலம் முதல் எஸ்டேட்டுகளில் மருத்துவமனைகளும் மருந்தகங்களும் இருக்கின்றன.

நான் இருப்பது அப்படி ஓர் எஸ்டேட் மருந்தகத்தில். கொழுந்து பறிக்கும் அம்மாக்கள் விரல் வீங்கி வருவார்கள், தைலம் கேட்பார்கள். நான் தைலத்தை எடுக்கும் முன் ஒன்று கேட்பேன்: "காலைல எந்திரிச்சதும் கை மடங்க எவ்வளவு நேரம் ஆகுதும்மா?" அரை மணிக்கு மேல் என்றால், இரண்டு கையிலும் என்றால், டாக்டரிடம் சொல்லி அன்றைக்கே ரத்தப் பரிசோதனைக்கு எழுதி வாங்கிவிடுகிறேன்.